உங்களுக்குத் தெரியுமா? மலைக்கோட்டைக் குரலும் ஆங்கரைக்காரரும்

எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரைக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய முதல் மேடைக் கச்சேரி என்று வரலாறு குறித்து வைத்திருப்பது நம் திருச்சியில் நடந்தது என்பது தெரியுமா? ஆண்டு 1927. இடம் மலைக்கோட்டையின் நூற்றுக்கால் மண்டபம். பாடிய பெண்ணுக்கு வயது பதினொன்று. பக்கவாத்தியம் யார் யார் என்று பாருங்கள்: வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பிள்ளைவாளுக்கு அப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. லயத்தில் அவர் பேரைச் சொன்னாலே வித்வான்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு சிறுமி சுருதி பிசகாமல் பாடினாள்.

*

அந்தச் சிறுமியின் வாழ்க்கையோடு பின்னாளில் இணைந்த தியாகராஜ சதாசிவம் எந்த ஊர் தெரியுமா? லால்குடிக்குப் பக்கத்தில் ஆங்கரை. 1902 செப்டம்பர் 4 அன்று அங்கே பிறந்தார். ஆங்கரை கொள்ளிடத்துக்கு வடக்கே, திருச்சி மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆக, உலகம் அறிந்த ஒரு இசைத் தம்பதியில் ஒருவருக்குப் பிறந்த ஊரையும் மற்றவருக்கு முதல் மேடையையும் கொடுத்தது திருச்சிச் சீமை. இதை நம்மில் பலரே அறியாமல் இருக்கிறோம் என்பதுதான் இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

*

எம்.எஸ். நூற்றாண்டையொட்டி, 2017 செப்டம்பரில் டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் கண்காட்சி ஒன்று நடந்தது. திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு. கண்காட்சியின் பெயரிலேயே தமிழ் இருந்தது: 'குறை ஒன்றும் இல்லை'. ராஜாஜி எழுதி எம்.எஸ். பாடிய பாட்டின் பெயர் அது. அதே சமயத்தில் 100 ரூபாய், 10 ரூபாய் நினைவு நாணயங்களும் வெளிவந்தன.

பெங்களூரு ஜே.பி. நகரில் 2019 முதல் இயங்கும் இந்திய இசை அனுபவ அருங்காட்சியகத்தில் எம்.எஸ்.ஸின் தம்புரா இருக்கிறது. பிஸ்மில்லா கானின் ஷெனாயும் அங்கேதான். திருச்சியிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் பெங்களூர். இசைப்பிரியர்கள் ஒரு முறை போய்வர வேண்டிய இடம்.

*

தம்புராவைக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பெரும்பாலோர் குடத்தையும் தந்த வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சற்று நின்று குதிரையைப் பாருங்கள். குடத்தின் மேல் தந்திகள் ஏறிச் செல்லும் சிறு பலகை அது. ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு நூலிழை செருகப்பட்டிருக்கும். அதுதான் ஜீவாளி. அதை ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தினால், செத்த சத்தமாக இருந்த தந்தி திடீரென ரீங்காரமிட ஆரம்பிக்கும். நான்கு தந்தி: பஞ்சமம் ஒன்று, நடுவில் சாரணி, அனுசாரணி என்று இரண்டு ஷட்ஜம், கடைசியில் மந்தர ஷட்ஜம். பிரடையைத் திருகித் தோராயமாகச் சேர்த்த பிறகு, தந்தியில் கோத்த மணியை நகர்த்தி நுணுக்கமாகச் சேர்ப்பார்கள். பாட்டு தொடங்கும் முன்பே பாடகரின் காது எப்பேர்ப்பட்டது என்று அந்த நூலிழையிலேயே தெரிந்துவிடும். எம்.எஸ். கச்சேரிகளில் சுருதி சேர்ந்த அந்த முதல் நொடிக்கே சபை அடங்கிவிடும் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். பதிவுகளைக் கேட்டால் நமக்கே அது புரியும்.

*

எம்.எஸ்.ஸின் தாயார் சண்முகவடிவு வீணை. பாட்டி அக்கம்மாள் வயலின். எம்.எஸ்.ஸுக்குப் பத்து வயதில், 1926இல், முதல் இசைத்தட்டு வந்தது. அதில் வீணை வாசித்ததும் அம்மாதான்.

*

அந்தக் காலத்து இசைத்தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கால். மரங்களில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைக் கல்பொடியோடு கலந்து அழுத்திச் செய்தார்கள். உலகத்தின் இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போனது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். சங்கதி போட ஆசை வந்தாலும் முள் காத்திருக்காது. அந்த நெருக்கடியில் பழகியவர்களின் பாட்டில் ஒரு கட்டுக்கோப்பு இருக்கும். ஒரு சொல்லும் வீணாகாது. பிறகு வந்த எல்.பி. தட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கொடுத்தது. அது வராமல் இருந்திருந்தால் வேங்கடேச சுப்ரபாதம் ஒரே தட்டில் நம் வீட்டுக்குள் வந்திருக்காது.

*

சுப்ரபாதம் என்றதும் ஸ்ரீரங்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1963இல் எம்.எஸ். பாடி வெளிவந்த அந்தச் சுப்ரபாதத்தை இயற்றியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த மணவாள மாமுனிகளின் சீடர் அவர். குருவின் கட்டளைப்படியே எழுதினார் என்பது சம்பிரதாயம். திருப்பதியில் எழும் குரலுக்கு வேர் காவிரிக் கரையில் இருக்கிறது. தட்டு விற்றதில் கிடைத்த உரிமைத் தொகையைத் திருப்பதி வேத பாடசாலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் அந்தத் தம்பதி.

விஷ்ணு சகஸ்ரநாமத்துக்கும் இதே கதை. எம்.எஸ். குரலில் வீடுவீடாகக் கேட்கும் அந்த நாமங்களுக்குப் புகழ்பெற்ற வைணவ உரையை எழுதிய பராசர பட்டர் ஸ்ரீரங்கத்தவர்.

தீட்சிதரின் 'ரங்கபுர விஹார' ஸ்ரீரங்கத்து அரங்கன் மேல் பிருந்தாவன சாரங்காவில் அமைந்த கீர்த்தனை. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அது 'எம்.எஸ். பாட்டு' என்றுதான் சொல்வார்கள்.

*

1927இல் மலைக்கோட்டைக் கச்சேரியை ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? எஃப்.ஜி. நடேச ஐயர். இந்த மனிதரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். தென்னிந்திய ரயில்வேக்குத் திருச்சி தலைமையிடமாக இருந்த காலத்தில் அங்கே அதிகாரி. காங்கிரஸ்காரர். நாடக நடிகர். 1914இல் திருச்சி ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். சிறுவன் எம்.கே. தியாகராஜ பாகவதரை 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏற்றியவரும் இவர்தான்.

ரயிலில் பாடிக்கொண்டு போன ஒரு கொடுமுடிச் சிறுமியின் குரலைக் கேட்டு அசந்துபோய், அவளை வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டதும் நடேச ஐயர் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சிறுமி கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடி இருப்பது ஈரோடு–திருச்சி ரயில் பாதையில்தான்.

இன்னொன்றும் உண்டு. 1938இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'சேவாசதனம்' எம்.எஸ்.ஸுக்கு முதல் படம். இளம்பெண்ணை வயதானவருக்குக் கட்டிவைக்கும் கொடுமையைச் சொன்ன படம். அந்த வயதான கணவராக நடித்தவர் யார்? சிறுமியாக அவரை மேடை ஏற்றிய அதே நடேச ஐயர்!

*

சுந்தராம்பாளைச் சொன்னால் கிட்டப்பாவையும் சொல்ல வேண்டும். தமிழகம் கண்ட முதல் பெரும் 'இசை ஜோடி' இவர்கள்தான். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவரும் மேடையில் மாறி மாறிப் பாடினால் கொட்டகை இரவு முழுக்கக் கலையாது. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் காலமானார். அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளைக் கதர்ச்சேலைதான். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இரண்டு ஆண்டு கழித்து 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நடிக்க அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935இல் ஒரு லட்சம்!

*

எம்.எஸ்.–சதாசிவம் திருமணம் 1940 ஜூலை 10 அன்று, சென்னையை அடுத்த திருநீர்மலையில்.

*

சுந்தராம்பாளின் ஆண் வேடத்தைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1941இல் வந்த 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்தார். அதற்குக் கிடைத்த பணம் எதற்குப் போனது தெரியுமா? 'கல்கி' பத்திரிகை தொடங்க. ஆனந்த விகடனை விட்டு வெளியே வந்த கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் 1941 ஆகஸ்டில் அதை ஆரம்பித்தார்கள். அந்தக் கல்கியில்தான் 1950 முதல் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது. வந்தியத்தேவன் குதிரை ஏறி நம் மனசுக்குள் புகுந்ததற்குப் பின்னால், தம்புராவும் கையுமாக ஒரு பெண் போட்ட நாரதர் வேஷம் இருக்கிறது.

கல்கிக்கும் திருச்சி சொந்தம். 1921இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அவர் படிப்பை உதறியது திருச்சி தேசியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான்.

*

'மீரா' படம் தமிழில் 1945, இந்தியில் 1947. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்கர். சின்ன மீராவாக நடித்த குழந்தை ராதா. சதாசிவத்தின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள். பிற்பாடு பல பத்தாண்டுகள் எம்.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடிய ராதா விஸ்வநாதன் இவர்தான். 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது. இந்திப் படத்தின் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு தோன்றி எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்துவார். ராஜஸ்தானத்தில் போய்ப் படம் எடுத்தார்கள். தயாரிப்பின் பின்னணியில் நின்று எல்லாவற்றையும் நடத்தியவர் சதாசிவம்.

*

இங்கேதான் கண்காட்சி பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தம்புரா எம்.எஸ்.ஸுடையது. சேலை அவருடையது. விருதுப் பட்டயத்தில் பெயர் அவருடையது. சரி, சதாசிவத்தின் வேலைக்கு என்ன சாட்சி?

கச்சேரியில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எந்த வர்ணத்தில் தொடங்குவது, எந்த ராகத்துக்கு அடுத்து எது, இந்த ஊர் சபைக்கு எந்த மொழிப் பாட்டு, எங்கே பஜன் வைத்து முடிப்பது என்று பட்டியல் போடுவது அவர் வேலை. பாதியில் சபையின் மனநிலை மாறினால் சைகை காட்டுவார், பாட்டு மாறும். வங்காளத்துக்குப் போனால் வங்காளிப் பாட்டு, குஜராத்துக்குப் போனால் குஜராத்திப் பாட்டு, அதுவும் உச்சரிப்பு சுத்தமாகப் பாடம் பண்ணி. கர்நாடக இசை தெரியாதவரும் வந்து உட்காரும்படி ஒரு கச்சேரியை எப்படிக் கட்டுவது என்பதை அந்தக் காலத்தில் அவரைப் போல யோசித்தவர்கள் வெகு குறைவு. ஆனால் அவர் கைப்பட எழுதிய பாட்டுப் பட்டியல் ஒன்றை, கடிதக்கட்டு ஒன்றை, ரயில் பயணத் திட்டம் எழுதிய நோட்டு ஒன்றைத் தம்புராவுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பார்க்கிறவருக்கு அது விளங்கும். கண்காட்சி அமைப்பவர்கள் பெரும்பாலும் பளபளக்கும் பொருளைத்தான் தேடுகிறார்கள். கசங்கிய காகிதம்தான் பாதிக் கதையைச் சொல்லும் என்பது என் கட்சி.

*

ஆங்கரையைப் போலவே கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் திருவெள்ளறைக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா? இங்கே தாயாருக்கே முதல் மரியாதை. புறப்பாட்டில் பங்கஜவல்லித் தாயார் பல்லக்கு முன்னே போகும். புண்டரீகாட்சப் பெருமாள் பின்னே எழுந்தருள்வார். 108 திவ்யதேசங்களில் பழமையான ஒன்றில், பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய ஊரில், இப்படி ஒரு ஏற்பாடு. எம்.எஸ்.–சதாசிவம் ஜோடியின் பொது வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புறப்பாடுதான் கண்ணில் நிற்கும். முன்னே போகிறவருக்கு வெளிச்சம். ஆனால் எந்த வீதி, எங்கே நிற்பது என்ற ஏற்பாடெல்லாம் பின்னால் வருகிறவருடையது.

திருவெள்ளறையின் ஸ்வஸ்திகா கிணற்றைப் படம் எடுக்க வருகிறவர்கள் அப்படியே திரும்பிவிடாமல் கோயிலுக்குள்ளும் வாருங்கள். ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்து, தம் மருமக்களைக் கொண்டு இசையோடு பாட வைத்த நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் பிறந்த ஊர் இது. பாட்டைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்பது இந்த மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுப் பாடம்.

*

சதாசிவத்தின் அந்த ஏற்பாட்டை எல்லோரும் புகழ்ந்தார்களா? இல்லை. பத்திரிகையாளர் டி.ஜே.எஸ். ஜார்ஜ் 2004இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, எம்.எஸ்.ஸின் முடிவுகள் எவ்வளவு தூரம் அவருடையவை என்று நேராகவே கேட்டது. தேவதாசி மரபில் வந்த ஒரு பெண், நாடறிந்த குடும்பத் தலைவியாக, பக்தியின் உருவாக மாற்றி நிறுத்தப்பட்டதைப் பற்றி அதற்குப் பிறகும் நிறைய எழுதிவிட்டார்கள். இந்தக் கேள்விகளை அவமரியாதை என்று ஒதுக்கக் கூடாது. சண்முகவடிவின் வீணையைச் சொல்லாமல் எம்.எஸ்.ஸின் கதையைச் சொல்லும் கண்காட்சி அரைக் கண்காட்சிதான். மதுரை மேல அனுமந்தராயன் தெருவில் தொடங்கிய அந்த வாழ்க்கையில், ஒரு தாயின் வருமானமும் வைராக்கியமும் இருக்கின்றன. அவரும் ஒரு சுவரில் இடம் பெற வேண்டும்.

*

1947இல் காந்தியடிகள் ஒரு மீரா பஜனை எம்.எஸ். குரலில் கேட்க விரும்பினார். தனக்கு அது பழக்கமில்லை, வேறு யாராவது பாடட்டும் என்று சென்னையிலிருந்து பதில் போனது. மற்றவர் பாடுவதைவிட எம்.எஸ். வெறுமனே சொன்னாலும் போதும் என்ற பொருளில் மறுபடி தகவல் வந்ததாம். ராத்திரியோடு ராத்திரியாகப் பாடிப் பதிவு செய்து டெல்லிக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து, 1948 ஜனவரி 30. காந்தி கொல்லப்பட்ட செய்தியோடு வானொலி ஒலிபரப்பியது அந்தப் பாட்டைத்தான். வீட்டில் அதைக் கேட்ட எம்.எஸ். மயங்கி விழுந்துவிட்டார்.

கஸ்தூர்பா நினைவு நிதிக்காக 1944இல் ஐந்து கச்சேரி பாடிக் கொடுத்திருந்தார் எம்.எஸ். அந்தப் பழக்கம் நிற்கவே இல்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில் திருப்பணி என்று பாடிப் பாடிக் கொடுத்தார்கள். 1974இல் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைப் பிரிவில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

1966 அக்டோபர் 23. நியூயார்க், ஐ.நா. பொதுச்சபை மண்டபம். காஞ்சி மகாபெரியவர் இதற்கென்றே எழுதிய சமஸ்கிருதப் பாடலையும், ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனையையும் எம்.எஸ். அங்கே பாடினார். ஆங்கிலப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் சென்னை வானொலியின் ஹாண்டல் மானுவேல். சரியாக ஐம்பதாண்டு கழித்து, 2016இல் ஐ.நா. அவர் பெயரில் அஞ்சல்தலை வெளியிட்டது.

*

காஞ்சிபுரத்தில் 'எம்.எஸ். புளூ' என்று கேட்டால் இன்றும் எடுத்துப் போடுவார்கள். அவருக்கென்று முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம் அது.

*

இந்தத் தம்பதிக்குக் கஷ்டகாலமும் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் தோட்டமும் துரவுமாக இருந்த 'கல்கி கார்டன்ஸ்' கைவிட்டுப் போனது. வாடகை வீட்டுக்கு மாறினார்கள். உதவி என்று கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பது தெரிந்து, திருப்பதி தேவஸ்தானம் ஒரு வேலையைக் கொடுத்தது. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளும் ஸ்தோத்திரங்களுமாக ஐந்து எல்.பி. தட்டு பாடித் தர வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய எம்.எஸ். ஒவ்வொரு தெலுங்குச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுப் பாடம் பண்ணினார். 1980 வாக்கில் வெளிவந்த 'பாலாஜி பஞ்சரத்னமாலா' அதுதான். ஏடுகளிலும் செப்பேடுகளிலும் கிடந்த அன்னமய்யாவைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கொண்டுவந்ததில் அந்த ஐந்து தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

வீட்டுப் பெயர்ப்பலகையில் இருவர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்: சிவம் சுபம்.

*

வெளிநாட்டில் இப்படி ஒரு ஜோடிக்கென்றே கண்காட்சி இருக்கிறதா? இருக்கிறது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஷூமான் இல்லம். ராபர்ட் ஷூமான் இசையமைப்பாளர். மனைவி கிளாரா ஐரோப்பாவே கொண்டாடிய பியானோ கலைஞர். பெண்ணின் அப்பா சம்மதிக்காமல், நீதிமன்றம் போய் அனுமதி வாங்கி, 1840 செப்டம்பரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். நம் திருநீர்மலைக் கல்யாணத்துக்கு நூறு ஆண்டு முன்பு. முதல் நான்கு ஆண்டு குடியிருந்த வீடுதான் இன்று அருங்காட்சியகம். கிளாரா பிறந்த இருநூறாவது ஆண்டான 2019இல் அதைப் புதுப்பித்தபோது, இரண்டு கலைஞர்கள் ஒரே கூரையின் கீழ் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையே கண்காட்சியின் மையமாக வைத்தார்கள். இருவரும் மாறி மாறி எழுதிய ஒரே நாட்குறிப்பு அவர்களிடம் இருந்தது. அவர் இசையமைக்கும் நேரத்தில் இவர் சாதகம் பண்ண முடியாத சங்கடம்கூட அதில் பதிவாகியிருக்கிறது. ஒளித்து வைக்காமல் அதைச் சொல்கிறார்கள். நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

ஜெர்மனியில் யூரோ வருவதற்கு முன் புழங்கிய 100 மார்க் நோட்டில் கிளாராவின் முகம். இந்தியாவின் 100 ரூபாய் நாணயத்தில் எம்.எஸ்.

கணவர் போன பிறகு இருவரும் நடந்த பாதைதான் வேறு. ராபர்ட் 1856இல் இறந்தார். கிளாரா அதற்குப் பின் நாற்பது ஆண்டு வாழ்ந்து, குழந்தைகளைக் காப்பாற்ற ஊர் ஊராகக் கச்சேரி செய்து, கணவரின் படைப்புகளையும் பதிப்பித்தார். சதாசிவம் 1997 நவம்பரில் மறைந்தார். எம்.எஸ். அதன்பின் கச்சேரி மேடை ஏறவே இல்லை. 1998இல் பாரத ரத்னா வந்தபோது அதைப் பகிர்ந்துகொள்ளச் சதாசிவம் இல்லை. 2004 டிசம்பர் 11 அன்று எம்.எஸ்.ஸும் போய்ச் சேர்ந்தார்.

*

மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. அதற்குள் இயங்குவது திருச்சி அரசு அருங்காட்சியகம். கற்சிலை, நாணயம், பழைய ஆயுதம் எல்லாம் பார்க்கலாம். 1927 கச்சேரி நடந்த மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த மகாலில் ஒரு மூலை, ஒரே ஒரு மூலை போதும்: மலைக்கோட்டைக் கச்சேரி, ஆங்கரைக்காரர், நடேச ஐயர், பாகவதர், சுந்தராம்பாள். ஒரு கிராமபோன் பெட்டி, காதில் வைத்துக் கேட்க ஒரு கருவி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உச்சிப் பிள்ளையாருக்கு ஏறும் வழியில் பார்த்துவிட்டுப் போவார்கள். இசையில் இவ்வளவு செய்த ஊருக்கு இது பெரிய ஆசையா?

*

கண்காட்சிக்குப் பொருள் எங்கிருந்து வரும்? பரணிலிருந்துதான். திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடிப் பக்கத்து வீடுகளில் பழைய இசைத்தட்டு, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சபா அழைப்பிதழ் இன்னும் கிடக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

அரக்குத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது. கனம் தாங்காமல் அடித்தட்டு விரிசல் விடும். புத்தகம் அடுக்குவதுபோல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படக் கூடாது, வளைந்துவிடும். தூசியைத் துடைக்க ஸ்பிரிட் மட்டும் தொடவே வேண்டாம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் அதோடு போகும். மெல்லிய உலர்ந்த துணி போதும். தட்டின் நடுவே ஒட்டியுள்ள காகித வட்டத்தில் கம்பெனி பெயரும் தட்டு எண்ணும் இருக்கும். அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்தே பாட்டு எந்த ஆண்டு பதிவானது என்று விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வைத்துப் பராமரிக்க முடியாதவர்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தெரிவிக்கலாம். பழைய நூல்களோடு பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், இசைத்தட்டு என்று எல்லாவற்றையும் மதித்துச் சேர்த்து வைக்கும் இடம் அது.